மடுவின் வாயை அடைத்த நண்டு

ஆறு கடலில் சேரும் இடத்தில், ஆழமில்லாத நீரில், மணல் நண்டுகள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. அவற்றின் தலைவன் பெயர் கொடுக்கன். அவனுடைய ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரியது. அதைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் எதையும் பேசுவான்.

அந்த நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மணலை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். அதில் ஒட்டியிருக்கும் சத்தைச் சப்பிவிட்டு, மிச்ச மணலை உருண்டையாக உருட்டி வைக்கும். உருட்டிய மணல் உருட்டியவனுக்குச் சொந்தம். உருட்டாத மணல் யாருக்கும் சொந்தமில்லை. இது அவற்றின் சட்டம். ஓர் உருண்டைக்காக அண்ணனும் தம்பியும் கால் முறியச் சண்டை போட்டதும் உண்டு.

நண்டுகளின் ஊரை ஒட்டிக் கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அதை மடு என்று அழைத்தார்கள். அதன் வாய் ஆற்றைப் பார்த்தபடி திறந்திருந்தது. அங்கிருந்து அது வளைந்து வளைந்து கீழே போகும். பச்சை நீர் நீலமாகும். நீலம் கறுப்பாகும். அதற்கும் கீழே வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாத ஆழ்கடல்.

ஆழ்கடலின் தரையில் கடல் அட்டைகள் வாழ்ந்தன. அவற்றுக்குக் கண் கிடையாது. கொழுத்த கத்தரிக்காய் போல வழவழப்பான உடம்பு. தவழ்ந்து போய், தரையில் படிந்திருக்கும் வண்டலைத் தின்னும். தின்றது போக மிச்சத்தைச் சுத்தமான மண்ணாகப் பின்னால் விட்டுவிட்டுப் போகும்.

அந்த வண்டல் மேலேயிருந்து வந்தது. மழை பெய்தால் ஆறு சிவந்து வரும். காட்டு இலை, வைக்கோல், வாழைமட்டை, சேறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். கலங்கல் நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. கனமானது பள்ளம் தேடும். அதனால் அது மடுவின் வாய்க்குள் நுழைந்து, தரையோடு தரையாக இறங்கும். ஒரு பழுப்பு மேகம் தூக்கத்தில் நடந்து போவதுபோல இருக்கும்.

ஆழ்கடலுக்கு வந்ததும் மேகம் களைத்து நிற்கும். சுமையை இறக்கி வைக்கும். முதலில் மணல் விழும். பிறகு சேறு. நெடுநேரம் கழித்து, அரைத்த மாவைப்போல மெல்லிய வண்டல் இறங்கும். அட்டைகள் அசையாமல் காத்திருக்கும். அவற்றின் முதுகில் அது பூப்பூவாக வந்து உட்காரும். அவற்றுக்கு அதுதான் மழை. அதுதான் அறுவடை.

கொடுக்கனுக்கு மடுவைக் கண்டாலே பிடிக்காது. ஒரு மழைக்காலத்தில் அவன் பாடுபட்டு உருட்டி வைத்த உருண்டைகளெல்லாம் சரிந்து மடுவுக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து அவன் மனத்தில் ஒரு முள். கோபத்தை மனத்தில் வைத்துக்கொள்வது பெரிய தவறில்லை. யார்மேல் வைப்பது என்று தெரிய வேண்டும். கொடுக்கன் ஒரு பள்ளத்தின்மேல் வைத்தான்.

ஒரு நாள் நண்டுகளைக் கூட்டினான். கொடுக்கைத் தூக்கினான்.

“ஆறு யாருக்கு மணல் கொண்டு வருகிறது?” என்று கேட்டான்.

“நமக்குத்தான், தலைவரே” என்றன நண்டுகள்.

“பிறகு ஏன் அது அந்தப் பள்ளத்துக்குள் போகிறது?”

நண்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு கிழட்டு நண்டு மட்டும், “அது எப்போதும் போய்க்கொண்டுதானே இருக்கிறது, தலைவரே” என்றது.

“எப்போதும் திருடுகிறவன் திருடன் இல்லையா?” என்றான் கொடுக்கன். “உருட்டாத மணல் யாருக்கும் சொந்தமில்லை. சரி. நாம் எல்லாவற்றையும் உருட்டிவிடுவோம். உருட்டி, அந்த வாயிலேயே அடைத்து வைப்போம். பிறகு எப்படித் திருடுகிறது, பார்ப்போம்.”

நண்டுகளுக்கு இது நியாயமாகப் பட்டது. அவை உருட்டத் தொடங்கின. உருண்டைமேல் உருண்டையாக அடுக்கி ஒரு வரப்புக் கட்டின. இடுக்குகளில் சிப்பிகள் வந்து ஒட்டிக்கொண்டன. சிப்பிமேல் சிப்பி ஒட்டி, வரப்பு கெட்டிப்பட்டது. மடுவின் வாய் மூடிக்கொண்டது.

அடுத்த மழையில் ஆறு கொண்டு வந்த மணல் வரப்புக்குப் பின்னால் தேங்கியது. அதற்கடுத்த மழையில் இன்னும் தேங்கியது. சில மழைக்காலங்கள் போனபின் அங்கே ஒரு மணல்மேடு எழுந்து நின்றது. கொடுக்கன் அதன் உச்சியில் வளை தோண்டிக் குடியேறினான். ஊரும் அவன் பின்னால் ஏறிக்கொண்டது. வெயில் நீரை ஊடுருவி வந்து மேட்டின்மேல் தங்க வலையாக ஆடும். நண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே சப்பிக்கொண்டிருக்கும்.

கீழே, ஆழ்கடலில், வண்டல் நின்றுவிட்டது.

அட்டைகள் தின்ற மண்ணையே மறுபடியும் தின்றன. அதில் ஒன்றும் இல்லை. உடம்பு சுருங்கியது. அவற்றில் தவழி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஓர் அக்கா. அக்கா முதலில் மெதுவாகத் தவழ்ந்தாள். பிறகு நின்றுவிட்டாள். நின்றுபோன அட்டை அதிக காலம் இருக்காது.

அந்த வழியாக விசிறி என்னும் திருக்கை மீன் வந்தது. அகலமான உடம்பை அலையலையாக ஆட்டிக்கொண்டு, மேலும் கீழும் சுற்றுவது அதன் பழக்கம். எல்லா ஊர்ச் செய்தியும் அதற்குத் தெரியும்.

“விசிறி, மேலே மழை இல்லையா?” என்று தவழி கேட்டாள்.

“மழைக்கு என்ன குறை! கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மடுவின் வாயைத்தான் நண்டுகள் அடைத்துவிட்டார்கள். மேட்டில் மாளிகை மாதிரி வளை வைத்து இருக்கிறார்கள்.”

“இது தெரிந்தும் இத்தனை காலம் சொல்லவில்லையா?”

“நீ இத்தனை காலம் கேட்கவில்லையே” என்றது விசிறி. “என் உடம்பைத் தொட்டுப் பார். நான் தட்டையானவன். எந்தப் பக்கமும் சாய மாட்டேன்.”

தவழி அந்த வார்த்தையையும் மனத்தில் வைத்துக்கொண்டாள். அக்காவின் பக்கத்தில் போய், “நான் மேலே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்” என்றாள்.

“அவ்வளவு தூரமா? நீயா?” என்றாள் அக்கா. குரல் நூலாக வந்தது.

“நானாவது தவழ்கிறேனே.”

தவழி மடுவில் ஏறத் தொடங்கினாள். கண் இல்லாதவளுக்கு உடம்புதான் வழிகாட்டி. மடுவின் சுவர்களைத் தடவிக்கொண்டே போனாள். சில இடத்தில் சுவர் வழவழவென்று தேய்ந்திருந்தது. சில இடத்தில் அடுக்கி வைத்த தோசைபோல அடுக்கடுக்காக இருந்தது. அவளுடைய பாட்டனார் காலத்துக்கும் முந்தைய மழைகள் அறுத்த அடுக்குகள் அவை. சேறும் மணலும் ஓடி ஓடித் தரையைத் தேய்த்திருக்கின்றன. ஓரம் சரிந்து விழுந்திருக்கிறது. விழுந்ததும் சேர்ந்து ஓடியிருக்கிறது. பள்ளம் இன்னும் ஆழமாகியிருக்கிறது. இப்படித்தான் மடு உண்டானது என்று அவளுடைய தோலுக்கே தெரிந்தது.

மேலே போகப் போக நீர் வெதுவெதுப்பானது. எங்கிருந்தோ ஒரு கூசும் உணர்வு முதுகில் வந்து விழுந்தது. அது வெளிச்சம். அவள் அதை முதன்முதலாக உணர்ந்தாள். உடம்பு முழுவதும் யாரோ மெல்லப் பேசுவதுபோல இருந்தது. அந்த இதத்தில் அப்படியே உறங்கிவிடலாம் என்று தோன்றியது. அக்காவை நினைத்தாள். நகர்ந்தாள்.

வரப்பின் அடிக்கு வந்து சேர்ந்தாள். தலைக்கு மேலே மணல்மேடு சாய்ந்து நின்றது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே கெட்டி. உள்ளே ஈரம் ஊறிக் கொழகொழவென்று இருந்தது. மேடு லேசாக முனகியது.

நண்டுகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. கொடுக்கனும் இறங்கி வந்தான்.

“இது என்ன மூட்டை?” என்றான்.

“நான் ஆழ்கடலிலிருந்து வருகிறேன். பெயர் தவழி” என்றாள். “எங்களுக்குச் சாப்பாடு இந்த வழியாகத்தான் வரும். நீங்கள் அடைத்துவிட்டீர்கள். என் அக்கா சாகக் கிடக்கிறாள். வாயைத் திறந்துவிடுங்கள்.”

“ஓ! என் உருண்டைகளைத் தின்ற கூட்டம் நீங்கள்தானா?”

“உருண்டையாக எதுவும் அங்கே வந்ததில்லை. வரும்போதே கரைந்துவிடும்.”

“கரைத்துத் தின்றீர்களா?” என்றான் கொடுக்கன். நண்டுகள் சிரித்தன. அவன் கொடுக்கைத் தூக்கினான். “பாருங்கள் இதை. கண் இல்லை. கால் இல்லை. முதுகெலும்பும் இல்லை. வாய் மட்டும் இருக்கிறது.”

“முதுகெலும்பு உனக்கும் இல்லை” என்றாள் தவழி. “மேலே ஓட்டால் மூடியிருக்கிறாய். அவ்வளவுதான்.”

இந்த முறை நண்டுகள் சிரிக்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வந்து, அது மணலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கொடுக்கனுக்கு ஓடு கொதித்தது. “பிச்சை கேட்க வந்த இடத்தில் வாய்த்துடுக்கு வேறா? மணல் எங்கள் ஆற்று மணல். எங்கள் வாசலுக்கு வருகிறது. நாங்கள் உருட்டுகிறோம். ஒரு பருக்கைகூடக் கீழே போகாது. உன் அக்காவுக்குப் பசித்தால் கல்லைக் கடிக்கச் சொல்.”

தவழி மேட்டை மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “இந்த மடுவை வெட்டியது கலங்கல் நீர். அது போகிற வழியில் நீ வீடு கட்டியிருக்கிறாய். உன் மேடு உள்ளே கொழகொழத்துவிட்டது. தொட்டால் தெரிகிறது. ஒரு பெருமழை வந்தால் மொத்தமும் சரியும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.”

“மிரட்டுகிறாயா?”

“ஒரு முறை சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.”

“இவளை உருட்டிவிடுங்கள். உருட்டத்தான் நமக்குத் தெரியுமே” என்றான் கொடுக்கன்.

நண்டுகள் அவளைச் சரிவில் தள்ளிவிட்டன. அவள் உருண்டு, மடுவின் சுவரில் முட்டி நின்றாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. தள்ளிய ஒவ்வொரு காலையும் அவளுடைய தோல் நினைவில் வைத்துக்கொண்டது.

அவள் இறங்கத் தொடங்கினாள். கொண்டு போக ஒன்றும் இல்லை.

அவள் பாதி வழி வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரைகளைத் தாண்டிப் புரண்டு வந்தது. புது மணலைக் கொண்டுவந்து மேட்டின்மேல் கொட்டியது. கடலும் பொங்கி மேட்டை ஆட்டியது. கொடுக்கன் உச்சியில் நின்று, “உருட்டுங்கள், உருட்டுங்கள்! எவ்வளவு வருகிறது பாருங்கள்!” என்று கத்திக்கொண்டிருந்தான்.

கிழட்டு நண்டு மட்டும் தன் காலடி நடுங்குவதைக் கவனித்தது. அது யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்துப் பாறைக்கு ஓடியது. அதைப் பார்த்து மற்ற நண்டுகளும் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடின.

மேடு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு சரிந்தது.

சிப்பிகள் உடைந்தன. வரப்பு பிளந்தது. இத்தனை காலம் தேக்கி வைத்த மணலும் சேறும் ஒரே நேரத்தில் மடுவுக்குள் இறங்கின. தூக்கத்தில் நடந்துபோன அந்த மேகம் இப்போது விழித்துக்கொண்டு ஓடியது. போகிற வழியெல்லாம் சுவரை அறுத்தது. அறுத்ததையும் சேர்த்துக்கொண்டது. ஓட ஓடப் பெருத்தது.

தவழி ஒரு பாறை இடுக்கில் உடம்பைத் திணித்துக்கொண்டாள். மேகம் அவளைக் கடந்து போயிற்று. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணம் மட்டும் வந்தது. வைக்கோல் மணம். அழுகிய தாழம்பூ. மலையில் பெய்த மழை. அவள் ஒருபோதும் காணப்போகாத ஒரு காடு, முழுதாக அவள் பக்கத்தில் நடந்து போனது. அதன் நடுவே ஒரு நண்டின் அலறலும் போனது.

அவள் ஆழ்கடலுக்கு வந்து சேர்ந்தபோது ஊரே மாறியிருந்தது. எங்கே பார்த்தாலும் புதுச் சேறு. அட்டைகள் சேற்றிலிருந்து வெளியே வந்து, நம்ப முடியாமல் தின்றுகொண்டிருந்தன.

“அக்கா எங்கே?” என்று தவழி கேட்டாள்.

நகர முடிந்தவர்கள் நகர்ந்து தப்பித்தார்கள். அக்கா நகரவில்லை. அவள் கிடந்த இடத்தின்மேல் மணல் குவிந்து கிடந்தது.

கேட்டும் கிடைக்காத சாப்பாடு கடைசியில் வந்திருந்தது. அது அக்காவின் மேலேயே விழுந்திருந்தது.

தவழி மணலை உடம்பால் தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ளச் சரிந்தது. அப்போது பக்கத்தில் ஏதோ நடுங்கியது. ஓடு. கால்கள். ஒரு பெரிய கொடுக்கு.

“யாரது? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குளிராக இருக்கிறது. யாராவது என்னை மேலே கொண்டுபோய் விடுங்கள்” என்றான் கொடுக்கன். அவன் குரலில் தலைவன் இல்லை.

“நான்தான். மூட்டை” என்றாள் தவழி.

கொடுக்கன் கால்களை ஒடுக்கிக்கொண்டான்.

அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். அவள் கொஞ்ச நேரம் அதையே நினைத்தாள். அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. ஆனால் அக்கா மணலுக்கடியில் இருந்தாள்.

“உனக்கு உருட்டத் தெரியும் அல்லவா?” என்றாள்.

“தெரியும்.”

“இந்த மணலுக்குக் கீழே என் அக்கா இருக்கிறாள். உருட்டு.”

கொடுக்கன் இருட்டில் தடவி மணலை அள்ளினான். உருட்டினான். பக்கத்தில் வைத்தான். அடுத்ததை அள்ளினான். உருட்டிய மணல் சரியாமல் நின்றது. அவனுக்கு அது பழகிய வேலை. வாழ்நாளில் முதன்முறையாக, உருட்டிய மணல் தனக்கில்லை என்று தெரிந்தே உருட்டினான். வைத்த உருண்டைகளை மற்ற அட்டைகள் வந்து தின்றன. அவன் அடுத்ததை உருட்டினான்.

குழி இறங்கியது. மேலேயிருந்து மெல்லிய வண்டல் பூப்பூவாக விழுந்துகொண்டே இருந்தது. குழிக்குள்ளும், கொடுக்கனின் ஓட்டின்மேலும் விழுந்தது. நேரம் போவதே தெரியவில்லை.

கடைசியில் அவனுடைய கொடுக்கு மெத்தென்ற ஒன்றைத் தொட்டது. அவன் சட்டென்று கொடுக்கை மூடிக்கொண்டு, சின்னக் கால்களால் மணலை விலக்கினான்.

அக்கா லேசாக அசைந்தாள்.

தவழி ஒரு பிடி வண்டலை அவள் வாயருகில் தள்ளினாள். அக்கா அதை மென்றாள். நெடுநேரம் மென்றாள்.

“காட்டு இலை” என்றாள் மெதுவாக. “எவ்வளவு காலமாயிற்று.” பிறகு, “இந்த நண்டு யார்?” என்று கேட்டாள்.

“வாயை அடைத்தவன்” என்றாள் தவழி.

“நான்தான் அடைத்தேன்” என்றான் கொடுக்கன். “தெரியாமல் செய்துவிட்டேன்.”

“தெரியாமல் செய்யவில்லை” என்றாள் தவழி. “நான் வந்து சொன்னேன்.”

கொடுக்கன் கொடுக்கைத் தாழ்த்தினான். அக்கா பெருமூச்சு விட்டாள். “போகட்டும், விடு. என்னைத் தோண்டி எடுத்தானே” என்றாள்.

அக்கா மன்னித்துவிட்டாள். தவழி மன்னிக்கவில்லை. ஆனாலும் அவனை மேலே கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்னால் தவழ்ந்தாள். அவன் பின்னால் நடந்தான். கறுப்பு நீலமானது. நீலம் பச்சையானது. இத்தனை நீண்ட வழியை இவள் ஏறி வந்தாளா என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மடுவின் வாய் பழையபடி அகலமாகத் திறந்திருந்தது. பாறைமேல் ஒதுங்கியிருந்த நண்டுகள் தலைவனைக் கண்டு ஓடி வந்தன. விசிறியும் மேலே வட்டமடித்தது.

“நான் அப்போதே நினைத்தேன், இந்த வரப்பு நிற்காது என்று” என்றது விசிறி.

“நீ பேசாதே” என்றாள் தவழி. கொடுக்கனும் அதையே சொன்னான். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தவழி திரும்பி இறங்கினாள்.

“இனி வருவாயா?” என்று கொடுக்கன் கேட்டான்.

“வண்டல் வந்தால் வர மாட்டேன்” என்றாள். “நின்றால் வருவேன்.”

அவள் மறுபடியும் வரவே இல்லை. நண்டுகள் இன்றைக்கும் மணலை உருட்டுகின்றன. உருட்டிய மணல் உருட்டியவனுக்குத்தான் சொந்தம். ஆனால் ஆறு சிவந்து வரும் நாளில் ஒவ்வொரு நண்டும் ஓர் உருண்டையை மடுவின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே தள்ளிவிடும். அது இருட்டுக்குள் உருண்டு, கரைந்து, மறையும் வரை கொடுக்கன் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பான்.

நம்மைக் கடந்து பிறருக்குப் போக வேண்டியதைத் தடுத்து வைத்தால், அது ஒரு நாள் நம்மையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.